அஞ்ச வேண்டிய இடம்

ஒரு திரைப்படத்தை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் தவறான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கி, 1960ஆம் ஆண்டு சூன் மாதம் நியூயார்க் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ‘சைக்கோ’ என்னும் படமே அது. அதன் பெயரைச் சொன்ன மாத்திரத்தில், படத்தைப் பார்த்தவரும் பாராதவரும் ஒருசேர நினைவுகூர்வது, குளியலறையில் ஒரு பெண் கத்தியால் குத்திக் கொல்லப்படும் காட்சியைத்தான். படம் ஓடுவது 109 நிமிடம். அந்தக் கொலை நிகழ்வதோ ஏறத்தாழ முக்கால் நிமிடம். முக்கால் நிமிடத்தையே படமென்று கொண்டு, எஞ்சிய நூற்றெட்டு நிமிடத்தையும் அதற்குப் போட்ட பந்தலென்று ஒதுக்கிவிடும் விந்தை வேறெந்தப் படைப்புக்கேனும் இந்த அளவிற்கு நேர்ந்திருக்குமா என்பது ஐயமே.

இப்படத்தைப் பற்றிப் பேச முன்வருவோர் பெரும்பாலும் இரு சாரார். முதற் சாரார் அஞ்சுவோர். இத்தகைய படங்கள் இளையோர் உள்ளத்தில் கொடுமையை விதைக்கும் என்றும், வீட்டிற்குள் நுழைய விடலாகாது என்றும் அவர்கள் உரத்துச் சொல்வர். மறு சாரார் நகைப்போர். குருதி ஆறாய் ஓடும் வண்ணப் படங்களைக் கைப்பேசியிலேயே கண்டு பழகிய இவர்கள், கறுப்பு வெள்ளையில் ஒரு நிழலும் ஒரு கத்தியும் ஒரு திரைச்சீலையும் வருவதைப் பார்த்துவிட்டு, ‘இதற்கா அக்காலத்தார் அலறினர்?’ என்று ஏளனம் பேசுவர். தந்தை முதற் சாராராகவும் மகன் இரண்டாம் சாராராகவும் ஒரே கூடத்தில் அமர்ந்திருப்பதும் உண்டு. இருவரும் எதிரெதிர் அணியினர் போல் தோன்றினும், இருவர் கண்ணும் நிலைத்திருப்பது அதே முக்கால் நிமிடத்தின் மீதுதான். ஒருவர் அதை நஞ்சு என்கிறார். மற்றவர் அதை நீர்த்த மோர் என்கிறார். குடத்தில் வேறென்ன இருக்கிறது என்று இருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

நகைப்போரின் வழக்கை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அது எளிதில் தீரக்கூடியது. குளியலறைக் காட்சியைப் படமாக்க 1959 டிசம்பரில் ஏழு நாள் செலவாயின. 78 கேமரா நிலைகள், 52 வெட்டுகள் என்பது திரைத்துறையினர் எடுத்துரைக்கும் கணக்கு. அவ்விரு எண்களையே தலைப்பாகக் கொண்டு 2017இல் ஓர் ஆவணப்படமும் வெளிவந்தது. அங்கே ஓடும் குருதி சாக்லேட் பாகு. கத்தி உடலில் இறங்கும் ஓசை, முலாம்பழத்தைக் குத்தி எழுப்பிய ஓசை. கத்தி புகுவதைப் பார்த்துவிட்டதாகச் சத்தியம் செய்யும் பார்வையாளர் உண்மையில் பார்த்ததெல்லாம் கையும் நீரும் திறந்த வாயும் மாறி மாறி வந்த வேகத்தைத்தான்; மீதியை அவர் மனமே வரைந்துகொண்டது. ஹிட்ச்காக் முதலில் இக்காட்சிக்கு இசையே வேண்டா என்றிருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் நரம்புக் கருவிகளை மட்டுமே கொண்டு அமைத்துக் காட்டிய இசையைக் கேட்ட பின்னரே மனம் மாறினார். இவ்வளவும் திறன். திறன் காலத்தால் பழகிப்போகும் என்று நகைப்போர் சொல்வதில் பிழையில்லை.

ஆனால் அத்திறன்தான் படமா? 1998இல் கஸ் வான் சான்ட் என்னும் இயக்குநர் இப்படத்தை ஏறத்தாழ வெட்டுக்கு வெட்டு, கோணத்திற்குக் கோணம் மறுபடியும் எடுத்துப் பார்த்தார். அதே திரைக்கதை, அதே இசை, வண்ணம் மட்டும் புதிது. வணிகத்திலும் அது தோற்றது. திறனாய்வாளர் அவையிலும் தோற்றது. பக்கத்து மாணவனின் தாளைப் பார்த்து எழுதியவனுக்கு எழுத்தெல்லாம் வந்துவிடும். கேள்வி கேட்டால்தான் திகைப்பான். அவ்வாறாயிற்று அப்படம். 1993இல் டக்ளஸ் கோர்டன் என்னும் கலைஞர், மூலப்படத்தையே வேகங்குறைத்து 24 மணி நேரம் ஓடும்படி ஒரு காட்சிக் கூடத்தில் ஓட்டினார். அந்த ஓட்டத்தில் கொலையின் திடுக்கிடல் கரைந்துபோயிற்று. எனினும் மக்கள் நின்று பார்த்தனர். எதைப் பார்த்தனர்?

இன்னொன்றும் எண்ணத் தக்கது. 1960இல் இப்படம் தொடங்கிய பின் எவரையும் அரங்கினுள் விடலாகாது என்று ஹிட்ச்காக் கட்டளையிட்டிருந்தார். முடிவை வெளியே சொல்லலாகாது என்ற வேண்டுகோளும் இருந்தது. இன்று அந்த மறைபொருள் எங்கும் இல்லை. கொலைகாரன் யார், தாய் யார், மாடிவீட்டுச் சாளரத்தில் தெரிந்த நிழல் எது என்பனவெல்லாம் படம் பாராத பிள்ளைகளுக்கும் தெரியும். திடுக்கிடச் செய்வது மட்டுமே இப்படத்தின் தொழிலாயின், அது என்றோ செத்திருக்க வேண்டும். சாகவில்லை. ஆதலின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது.

அந்த இடத்தைக் காண, கதையை நிகழ்ச்சிகளின் வரிசையாகப் பாராமல், பார்வையாளரின் பற்று யார் பக்கம் சாய்கிறது என்ற வரிசையாகப் பார்க்க வேண்டும். ஃபீனிக்ஸ் நகரில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்யும் மேரியன் கிரேன் என்பாள், வங்கியில் செலுத்தும்படி தன்னிடம் தரப்பட்ட 40,000 டாலரை எடுத்துக்கொண்டு காரில் புறப்பட்டுவிடுகிறாள். அது திருட்டு, அதில் ஐயமில்லை. ஆனால் சாலையோரத்தில் காருக்குள் உறங்கிப்போன அவளைக் கறுப்புக் கண்ணாடி அணிந்த காவலர் தட்டி எழுப்பும்போது, அரங்கில் இருப்போர் அனைவரும் யார் தப்ப வேண்டுமென்று விரும்புகின்றனர்? திருடியவளே தப்ப வேண்டுமென்று விரும்புகின்றனர். காவலர் தம் கடமையைச் செய்யும் நல்லவர். அவர் மீதுதான் எரிச்சல் வருகிறது. பழைய காரைக் கொடுத்து, மேலும் எழுநூறு டாலர் செலுத்தி, வேறு கார் வாங்கும் இடம் வரைக்கும் அவர் பின்தொடர்ந்து வந்து எதிர்ச்சாரியில் நிற்கும்போது, ‘இந்த மனிதர் தொலைந்தால் என்ன?’ என்று நினையாத பார்வையாளர் அரியர்.

இரவில் மழை. வழி தவறி அவள் பேட்ஸ் விடுதியை அடைகிறாள். விடுதியை நடத்தும் நார்மன் பேட்ஸ் கூச்சமுள்ள இளைஞன், ரொட்டியும் பாலும் கொண்டுவந்து கொடுக்கிறான், பேச்சில் தடுமாறுகிறான். அவனோடு பேசிய பேச்சே அவளைத் திருத்துகிறது. திரும்பிப் போய்ப் பணத்தை ஒப்படைப்பதென்று முடிவு செய்கிறாள். தாளில் கழித்தல் கணக்குப் போட்டு, செலவழித்ததை ஈடுகட்டும் வழி பார்த்துவிட்டு, அத்தாளைக் கிழித்துக் கழிப்பறை நீரில் விட்டுவிட்டுக் குளிக்கச் செல்கிறாள். அதற்குள் நார்மன் சுவரில் தொங்கும் ஓவியத்தை நீக்கி, அதன் பின்னுள்ள துளையில் கண் வைத்துவிட்டான். கேமராவும் அவன் கண்ணருகே கண் வைக்கிறது. அவன் பார்ப்பதைப் பார்வையாளரும் பார்க்கின்றனர். ‘பிறர் அறையைத் துளை வழியே பார்ப்பது இழிவு’ என்று எழுந்து வெளியேறியவர் எத்தனை பேர்?

கொலை முடிகிறது. அதன் பின்னரே படம் தன் உண்மையான வேலையைத் தொடங்குகிறது. நார்மன் ஓடி வருகிறான், கண்டு அதிர்கிறான், வாயைப் பொத்திக்கொள்கிறான். தன் தாய்தான் செய்தாள் என்று நம்பிய பிள்ளையின் நடுக்கம் அது என்று பார்வையாளர் கொள்கின்றனர். வாளியும் தரைதுடைப்பானும் எடுத்து வருகிறான். உடலைத் திரைச்சீலையில் சுற்றுகிறான். கைகளைக் கழுவுகிறான், தொட்டியைக் கழுவுகிறான், சுவரைத் துடைக்கிறான், தரையைத் துடைக்கிறான். வேலை தெரிந்த வேலைக்காரனின் கை அது. பேச்சே இல்லை. பல நிமிடம் நீளும் இந்தத் துப்புரவுப் பணியை எந்தக் கத்தியும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆயினும் அரங்கில் ஒருவரும் அசைவதில்லை. பணம் சுருட்டி வைக்கப்பட்ட செய்தித்தாள் மேசை மேல் கிடப்பது பார்வையாளருக்குத் தெரியும், நார்மனுக்குத் தெரியாது. ‘அதை விட்டுவிட்டுப் போகிறானே, அகப்பட்டுக்கொள்வானே’ என்று உள்ளம் பதைக்கிறது. கொன்றவளை மறைக்கத் துணைபோகிறவனுக்காகப் பதைக்கிறது! சற்று முன்பு வரை எவளுக்காகப் பதைத்ததோ, அவள் உடல் அங்கே திரைச்சீலைக்குள் கிடக்கிறது.

பிறகு சதுப்புக்குட்டை. உடல் வைத்த காரை நார்மன் தள்ளிவிடுகிறான். அது சேற்றில் இறங்குகிறது. குமிழிகள் எழுகின்றன. அவன் எதையோ மென்றுகொண்டு பார்க்கிறான். பாதிக்கு மேல் மூழ்கிய கார் சட்டென்று நின்றுவிடுகிறது. வெளிர்நிறக் கூரை மட்டும் இருட்டில் தெரிகிறது. அவன் மெல்லுவதை நிறுத்துகிறான். அக்கம்பக்கம் திரும்பிப் பார்க்கிறான். அந்தச் சில நொடிகளில் அரங்கம் முழுவதும் மூச்சை நிறுத்துகிறது. கார் மீண்டும் இறங்குகிறது. மூச்சு வெளிவருகிறது.

அந்த மூச்சுத்தான் படம். கொலையுண்டவள் சேற்றில் புதைந்ததற்காக, அவள்மீது அன்பு கொண்டிருந்த அதே மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுகின்றனர். அவர்களை எவரும் மிரட்டவில்லை, கைக்கூலி கொடுக்கவில்லை. ஓர் இளைஞன் நல்லவன்போல் தோன்றினான், பாவம், தாய்க்காகப் படாத பாடு படுகிறான் என்று இரங்கினர், அவ்வளவே. இந்த இரக்கம் தற்செயலாய் விளைந்ததன்று. ராபர்ட் பிளாக் 1959இல் வெளியிட்ட மூல நாவலில் நார்மன் நாற்பது வயதான, பருத்த, மதுப்பழக்கமுள்ள மனிதன். அவனுக்காக எவரும் பதைக்கமாட்டார். திரைக்கதை எழுதிய ஜோசப் ஸ்டெஃபானோவும் ஹிட்ச்காக்கும் அவனை அந்தோணி பெர்க்கின்ஸ் என்னும் மெலிந்த, இனிய முகத்து இளைஞனாக மாற்றினர். பார்வையாளர் தம் விருப்பத்துடனேயே குற்றத்தின் பக்கம் நடந்து செல்லட்டும் என்பதற்காகச் செய்த மாற்றம் அது.

படம் பார்த்துத் திரும்பியோர் எதற்கு அஞ்சினர்? ஷவருக்கு அஞ்சினர். தம் மகள் குளியலறைக்குள் போக மறுக்கிறாள் என்று ஒரு தந்தை எழுதிய கடிதத்திற்கு, அவளைச் சலவைக் கடைக்கு அனுப்பும்படி மறுமொழி விடுத்ததாக ஹிட்ச்காக் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மேரியனாக நடித்த ஜேனட் லீயே, படத்தைத் திரையில் கண்டபின் ஷவரில் குளிப்பதை விட்டுவிட்டதாகக் கூறியிருக்கிறார். நன்று. குழாயடிக்கு அஞ்சியவர் பலர். தாழ்ப்பாளைச் சரிபார்த்தவர் பலர். சதுப்புக்குட்டையருகே தமக்குள் எழுந்த விருப்பத்திற்கு அஞ்சி உறக்கம் இழந்ததாக எழுதியவர் யாரேனும் உண்டா? குழாயை மாற்றிவிடலாம்; தாழ்ப்பாளைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளலாம். உள்ளே எழுந்ததற்கு எந்தக் கடையில் தாழ்ப்பாள் விற்கிறது?

தமிழறிந்தோர்க்கு இதனை விளக்க வெளிநாட்டுக் கோட்பாடுகள் வேண்டுவதில்லை. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுக்கிறது. வருத்தும் தெய்வமும் பேயும் போன்ற ஆற்றல்கள் ஒன்று, கொடிய விலங்குகள் ஒன்று, கள்வர் ஒன்று, தமக்கு மேலிருந்து ஆள்வோர் ஒன்று. நான்கும் வெளியிலிருந்து வருவன. சிங்கப்பூரில் பி. என். ராவ் இயக்கி 1957இல் வெளிவந்து, மலாய்ப் பேய்ப்படங்களுக்கு வழிகாட்டிய ‘பொந்தியானாக்’ அவற்றுள் முதல் வகையைச் சார்ந்தது. பேய் வரும், அஞ்சலாம், பேய் ஒழியும், வீட்டுக்குப் போகலாம். ‘சைக்கோ’வோ இந்நான்கையும் தன்னுள் கொண்டுவந்து, நான்கையும் பொய்யாக்குகிறது. கள்வர் என்றால் மேரியன். அவளிடம் அன்பு பிறக்கிறது. ஆள்வோர் என்றால் கறுப்புக் கண்ணாடிக் காவலர். அவரால் தீங்கொன்றும் இல்லை. விலங்கு என்றால் விடுதிச் சுவரில் சிறகு விரித்து நிற்கும் ஆந்தையும் பிறவும். அவை பாடம் செய்யப்பட்ட செத்த பறவைகள். அணங்கு என்றால் மாடிவீட்டுத் தாய். அவளும் என்றோ இறந்து உலர்ந்த பிணம். நான்கு களனும் வெறுமையாகிவிட, எஞ்சி நிற்பவன் ரொட்டியும் பாலும் கொடுத்த பையன். அவனுக்கு அருகில், அவன் தோள்மேல் கைபோட்டபடி, பார்வையாளர்.

இதைப் படித்தறிந்த திறனாய்வாளரே அன்று காணத் தவறினர் என்பது வியப்பு. நியூயார்க் டைம்ஸ் ஏட்டின் பாஸ்லி கிரவுதர் படம் வந்த அன்று அதைப் பெரிதாக மதிக்கவில்லை. ஆண்டு முடிவில் தம் சிறந்த பத்துப் படங்களுள் அதையும் சேர்த்தார். இலண்டன் அப்சர்வர் ஏட்டின் மூத்த திறனாய்வாளர் படம் முடியும் முன்னரே எழுந்து வெளியேறினார். இங்கிலாந்தில் அதே 1960இல் மைக்கேல் பவல் எடுத்த ‘பீப்பிங் டாம்’ என்னும் படம், பிறர் அச்சத்தைப் படம்பிடித்துக் களிக்கும் கொலைகாரனைக் காட்டிப் பார்வையாளரின் முகத்துக்கு நேரே கண்ணாடி பிடித்தது. திறனாய்வாளர் அதன்மீது காறி உமிழாத குறையாக எழுதினர். படம் விரைவில் திரையரங்குகளை விட்டு நீங்கியது. பவலின் தொழில் வாழ்க்கையே சரிந்தது. ‘நீயும் பார்க்கிறாயே’ என்று நேரே சொன்னவருக்கு அந்தக் கதி. ஹிட்ச்காக் அதை மறைத்துச் சொன்னார், செல்வரானார்.

ராபின் வுட் என்னும் இளைஞர் ‘சைக்கோ’வை ஆழ்ந்த படைப்பாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதி, சைட் அண்ட் சவுண்ட் என்னும் ஆங்கிலத் திரை இதழுக்கு அனுப்பினார். அது வேடிக்கையாக எடுக்கப்பட்ட படம் என்பதை உணராமல் எழுதிவிட்டதாகக் கூறிக் கட்டுரையைத் திருப்பிவிட்டனர். பின்னர் அது பிரெஞ்சு இதழான காயே தூ சினிமாவில் வந்தது. இன்று எவர் சொன்னது நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

‘படைத்தவரே வேடிக்கை என்றாரே!’ எனலாம். ஆம், என்றார். பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோவுடன் 1962இல் உரையாடியபோதும், கதையோ கருத்தோ நடிப்போ அன்று, வெறும் திரைக்கலை நுட்பத்தாலேயே கூட்டத்தை ஆட்டிவைத்ததில்தான் தமக்கு மகிழ்ச்சி என்ற கருத்துப்பட உரைத்தார். கலைஞர்கள் தம் படைப்பைப் பற்றிக் கூறுவதெல்லாம் வேதமன்று. தாம் சமைத்ததை உப்பின் அளவால் விளக்கும் சமையற்காரரைப் போன்றவர் ஹிட்ச்காக். உண்டவர் உடலில் அது என்ன செய்தது என்பதை உண்டவர்தாம் சொல்ல வேண்டும். உண்டவரோ உப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கின்றனர்.

படத்தில் குறையே இல்லையா? ஒன்று உண்டு, அது பெரிது. இறுதியில் ஓர் உளநோய் மருத்துவர் வந்து நின்று, நார்மன் தன் தாயைக் கொன்றவன் என்பதையும், அவள் உருவைத் தனக்குள் வைத்துப் பாதி அவளாகவே வாழ்ந்தான் என்பதையும் நீண்ட விரிவுரையாக விளக்குகிறார். பலரும் இதைச் சலிப்பூட்டும் பகுதி என்று குறை கூறியுள்ளனர். சலிப்பு சிறு குற்றம். அதுவரை தம்மையே ஐயுற வேண்டிய நிலையில் இருந்த பார்வையாளருக்கு அவ்விரிவுரை ஒரு விடுதலைச் சீட்டு எழுதிக் கொடுக்கிறது, அதுவே பெருங்குற்றம். ‘இவன் நோயாளி, இவன் வேறு இனம், நீங்கள் வேறு இனம், வீட்டுக்குச் செல்லுங்கள்’ என்பது அதன் உட்பொருள். ஹிட்ச்காக் அதோடு விடவில்லை என்பதும் உண்மையே. தனித்த அறையில் அமர்ந்து, ஈயைக்கூட விரட்டாமல் தாயின் குரலில் சிந்திக்கும் நார்மன் நிமிர்ந்து அரங்கத்தை நேரே பார்த்துப் புன்னகைக்கிறான். அம்முகத்தின்மேல் மண்டையோடு ஒரு கணம் படர்கிறது. அடுத்து, குட்டையிலிருந்து சங்கிலி அந்தக் காரை இழுக்கிறது. எது மூழ்க வேண்டுமென்று அரங்கம் விரும்பியதோ அது வெளியே வருகிறது. ஆனால் அதற்குள் பாதிப் பேர் இருக்கையை விட்டு எழுந்திருப்பர். கையில் எடுத்துச் செல்வது மருத்துவர் கொடுத்த சீட்டை.

அந்தச் சீட்டில் எழுதியிருந்த சொல்தான் இன்று எங்கும் உலவுகிறது. ‘சைக்கோ’ என்பதன் வேர், உயிர் என்றும் ஆன்மா என்றும் பொருள்படும் கிரேக்கச் சொல். தமிழர் வாழும் இடங்களிலெல்லாம் அது இன்று வசைச் சொல். நாளேடுகள் ‘சைக்கோ கொலையாளி’ என்று கொட்டை எழுத்தில் அச்சிடுகின்றன. பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ 1980இல் வந்தபோது ஹிட்ச்காக்கின் சாயல் அதில் உண்டு என்றனர். அப்படமேனும் அழகிய தமிழ்ப் பெயர் தாங்கி வந்தது. 2020இல் மிஷ்கின் எடுத்த படத்திற்கு ‘சைக்கோ’ என்பதே பெயர். அதற்குள் அச்சொல் விளக்கம் வேண்டாத அளவிற்குத் தமிழாகிவிட்டது. பள்ளிக்கூடத்து நடைவழியில் காது கொடுத்தால் போதும். தனித்து அமர்ந்திருப்பவன் சைக்கோ; திடீரென்று அழுபவள் சைக்கோ; தனக்குத்தானே பேசிக்கொள்பவன், ஒரே சட்டையை மறுநாளும் போட்டு வருபவன், தாயை இழந்த பின் பேச்சைக் குறைத்துக்கொண்டவன், எல்லாரும் சைக்கோ. முன்பெல்லாம் இந்நாட்டில் ஊர்ப்பெயரே வசையாயிருந்தது. 1911இல் பேராக்கில் தொடங்கிய மனநோய் மருத்துவமனையால் தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊர் அந்தப் பழியைச் சுமந்தது. மருத்துவமனைக்கு மகிழ்ச்சி எனப் பொருள்படும் ‘பகாகியா’ என்ற பெயரைச் சூட்டியும் வசை ஒழியவில்லை. சிங்கப்பூரில் உட்பிரிட்ஜ் என்ற பெயருக்கும் அதே விதி. ஊர்ப்பெயரின் இடத்தை இப்போது படப்பெயர் பிடித்துக்கொண்டது.

‘சொல்தானே, இதற்கென்ன?’ என்று கேட்பாருக்கு விடை எளிது. உளநோய் உற்றோருள் மிகப் பெரும்பாலோர் எவரையும் தாக்குவதில்லை. பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே அவர்களிடையே மிகுதி என்பது மருத்துவ உலகம் அறிந்த செய்தி. ஒருவருக்குள் வெவ்வேறு ஆளுமைகள் மாறி மாறித் தலையெடுக்கும் அரிய நிலையையும், மனச்சிதைவு நோயையும் ஒன்றென்று கலந்து பேசும் குழப்பம் இன்றும் படித்தவரிடையே இருக்கிறது. இரண்டும் வேறு. இரண்டுக்கும் கத்திக்கும் தொடர்பில்லை. பிளாக்கின் நாவலுக்குப் பின்னணியாகச் சொல்லப்படும் விஸ்கான்சின் வழக்கு 1957 நவம்பரில் வெளிப்பட்டது. அத்தகைய வழக்கு அத்தனை அரிது என்பதால்தான் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அதே ஒருவனை எடுத்துக்காட்டிக்கொண்டிருக்கின்றனர். ஆனால் நடைவழியில் அந்தப் பெயர் சூட்டப்பட்ட பிள்ளை மருத்துவரிடம் செல்ல ஒப்புவானா? அவன் பெற்றோர் அழைத்துச் செல்லத் துணிவரா? உறக்கமின்மையையும் உள்ளச்சோர்வையும் வெளியே சொன்னால் எந்தச் சீட்டு ஒட்டப்படும் என்று அறிந்த பிள்ளை வாய் திறவான். அவன் வாய் திறவாமையே, மேலும் ஒரு சான்றென்று எடுத்துக்கொள்ளப்படும். மேரியனைக் கொன்றது ஒரு கத்தி; இந்தச் சொல் எத்தனை பிள்ளைகளை மௌனத்தில் தள்ளியது என்பதற்குக் கணக்கில்லை.

இதில் கொடுமை யாதெனில், படம் இதற்கு நேர்மாறானதைச் சொல்ல வந்தது. கூச்சமுள்ளவனைக் கண்டால் விலகு என்று அது கற்பிக்கவில்லை. கூச்சமுள்ளவன் மீதும் இரக்கம் வரும், திருடியவள் மீதும் இரக்கம் வரும், அந்த இரக்கமே சற்று வழிமாறினால் பிணத்தை மறைக்கவும் துணை நிற்கும் என்று, பார்வையாளரின் உள்ளத்தைக் கொண்டே பார்வையாளருக்குக் காட்டியது. அந்தப் பாடத்தைக் கேட்காமல், பெயர்ப்பலகையை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்து பக்கத்து இருக்கைப் பிள்ளையின் கழுத்தில் மாட்டிவிட்டனர்.

இனி அஞ்சுவோருக்கு. தடை செய்க என்று முழங்குவோர், கத்தியைத் தடை செய்யச் சொல்கின்றனர். சொல்லைத் தடை செய்யச் சொல்வதில்லை. அதே வீட்டில் உணவு மேசையில் அமர்ந்து, உறவினர் ஒருவரைப் பற்றி ‘அது ஒரு சைக்கோ’ என்று பேசுவது அவர்களே. படத்தைப் பாராத பிள்ளைகூட அங்கே பாடம் கற்றுக்கொள்கிறது. சிறு பிள்ளைகளுக்கு இப்படம் ஆகாது என்பதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. வயது வரம்பு இருப்பது முறையே. ஆனால் பதினெட்டு வயதைக் கடந்து, கல்லூரிக்கும் ஆசிரியப் பயிற்சிக்கும் செல்லும் இளையோரிடம் இதை மறைப்பதில் என்ன பயன்? அவர்கள் தனியே, கைப்பேசியில், குளியலறைக் காட்சியை மட்டும் துண்டாக எடுத்துப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவர். அவ்வாறு பார்ப்பதே இப்படத்தைப் பார்க்கும் மிகக் கேடான முறை. முக்கால் நிமிடம் மட்டும் வெட்டி எடுக்கப்பட்ட ‘சைக்கோ’ உண்மையிலேயே வெறும் கொலைக் காட்சிதான். அஞ்சுவோர் சொல்வதெல்லாம் அந்தத் துண்டிற்குப் பொருந்தும்.

வழி ஒன்று இருக்கிறது. அவர்களை ஒருங்கே அமர்த்தி, முதலிலிருந்து காட்ட வேண்டும். குளியலறைக் காட்சியில் நிறுத்த வேண்டா, சிரிப்பவர் சிரிக்கட்டும். துப்புரவுக் காட்சியில் பேச வேண்டா. சதுப்புக்குட்டையில், கார் பாதியில் நின்று வெளிர்நிறக் கூரை மட்டும் தெரியும் இடத்தில் படத்தை நிறுத்தி விளக்கைப் போட வேண்டும். கார் மூழ்க வேண்டுமென்று இப்போது விரும்பியவர் யார் யார் என்று கேட்க வேண்டும். உடனே எவரும் கை தூக்கமாட்டார். ஆசிரியர் அவசரப்படலாகாது, விடையைத் தாமே சொல்லிவிடவும் கூடாது. முதற் கை எழும்வரை காத்திருக்க வேண்டும்.